முழு நைட் பார்ப்பவரின் கொழுப்புக் கணக்கு

திண்டுக்கல் மாவட்டத்தின் வடமதுரை, வேடசந்தூர் வட்டாரத்தில் எந்தச் சாலையில் போனாலும் ஒரு நூற்பாலை கண்ணில் படும். பகல், அரை நைட், முழு நைட் என மூன்று ஷிப்டில் ஓடுபவை. முழு நைட் முடித்து மில் வேனில் வந்து இறங்குபவர் கொழுப்பு டெஸ்ட் ரிப்போர்ட்டை நீட்டினால், எண்ணெய்ப் பலகாரம் சாப்பிடுவீர்களா, கறி எடுப்பீர்களா என்றுதான் விசாரிப்பார்கள். எந்த ஷிப்ட், எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேட்பவர் குறைவு. இந்த ஊர்ப் பக்கம் முதலில் கேட்க வேண்டியதே அதைத்தான்.

ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி சாப்பாட்டுத் தட்டிலிருந்து வருவதில்லை. உடம்பே தயாரிக்கிறது, கல்லீரலுக்கு அதில் பெரிய பங்கு. அந்தத் தயாரிப்பு இரவில்தான் உச்சத்துக்குப் போகிறது. சிம்வாஸ்டாட்டின் போல விரைவில் வீரியம் குறையும் மாத்திரைகளை இரவில் போடச் சொல்வது இதனால்தான். அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் நெடுநேரம் வேலை செய்பவை, எந்த நேரத்திலும் போடலாம். சீட்டில் ‘இரவு’ என்று எழுதியிருந்தால், ஷிப்ட் மாறுகிறவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லி நேரம் கேட்டுக்கொள்வது நல்லது. இரவு பகலுக்கு ஏற்ப இதை நடத்துவது உடம்புக்குள் ஓடும் ஒரு கடிகாரம். அது எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்த மூவருக்குத்தான் 2017-ல் மருத்துவ நோபல் கிடைத்தது.

கடிகாரம் தூங்கு என்று சொல்லும் நேரத்தில் டீயும் போண்டாவும் உள்ளே போனால், சர்க்கரையும் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பும் ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்குகின்றன. பகலில் படுத்தாலோ தகரக் கூரையின் அனல், பிள்ளைகள் சத்தம், திருவிழாக் காலமென்றால் ஒலிபெருக்கி. இதற்கிடையே ஐந்து மணி நேரம் கண்ணயர்ந்தால் பெரிது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் திரட்டி 2012-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு, ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு 23 சதவீதம் கூடுதல் என்றது.

ரிப்போர்ட்டிலேயே ஒரு கோளாறு உண்டு. வெறும் வயிறு என்றால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். நள்ளிரவில் சாப்பிட்டுவிட்டு, வேலை முடிந்த கையோடு காலை எட்டரைக்கு ரத்தம் கொடுத்தால் டிரைகிளிசரைடு எகிறித்தான் நிற்கும். பல லேபுகளில் கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை, டிரைகிளிசரைடை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அதனால் அதுவும் பிசகும். பகல் ஷிப்ட் வாரத்திலோ விடுப்பு நாளிலோ எடுப்பதே சரி.

ஷிப்டே பார்க்காதவர்களுக்கும் ஒரு சங்கதி இருக்கிறது: குறட்டை. ‘அடித்துப்போட்டது போல் தூங்குகிறார்’ என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். குறட்டை திடீரென்று நின்று, சற்று நேரம் சத்தமே இல்லாமல், பிறகு மூச்சுத் திணறி மறுபடி தொடங்கினால் அது நல்ல தூக்கம் அல்ல. தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுக்குழல் அடைபடுகிறது. பத்து விநாடிக்கு மேல் மூச்சு நின்றால் ஒரு தடவை என்று கணக்கு. மணிக்கு 30 தடவைக்குப் போனால் நோய் கடுமை. ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜன் இறங்க, மூளை பதறி உடம்பை உலுக்க, ரத்த அழுத்தம் ஏறுகிறது. தூக்கத்தில் பத்து முதல் இருபது சதவீதம் இறங்கி இதயத்துக்கு ஓய்வு தர வேண்டிய பி.பி. பலருக்கு இறங்குவதே இல்லை. கூடவே கல்லீரல் கொழுப்பை அதிகமாக வெளியே தள்ளுகிறது; ரத்தக் குழாயின் உட்சுவர் புண்படுகிறது. குண்டாக இருப்பவருக்குத்தான் இந்த நோய் வரும் என்றும் இல்லை. தாடை அமைப்பினால் ஒல்லியானவருக்கும் வரலாம். சென்னையில் நடந்த க்யூர்ஸ் ஆய்வு, தூக்கக் கோளாறுக்கும் சர்க்கரை, கொழுப்புச் சிக்கல்களுக்கும் உள்ள தொடர்பை 2010-லேயே எழுதிவிட்டது.

மூக்கில் காற்றை அழுத்தமாகச் செலுத்தும் சிபாப் கருவி குறட்டையை நிறுத்தும், பகல் தூக்கத்தைப் போக்கும், பி.பி.யை ஓரளவு இறக்கும். ஆனால் ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,717 பேரிடம் நடந்து 2016-ல் வெளியான சேவ் ஆய்வில், கருவியால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. அவர்கள் இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரமே அதை மாட்டியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆகவே கருவி வாங்கியாயிற்று என்று கொழுப்பு மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

அமெரிக்க இதயச் சங்கம் 2022-ல்தான் இதய நலத்துக்கான பட்டியலில் தூக்கத்தைச் சேர்த்தது. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து வீட்டு வாசலில் சர்க்கரையும் பி.பி.யும் பார்க்கிறது. குறட்டை உண்டா, பகலில் கண் சொக்குகிறதா என்று அதன் கேள்விகளில் இரண்டு வரி கூட்டினால் செலவு ஒன்றுமில்லை. திண்டுக்கல்–திருச்சி நான்குவழிச் சாலையில் இரவெல்லாம் லாரி ஓட்டுபவர்களுக்கும் அது உதவும்.

முழு நைட் முடிந்து வருகிற காலையில் நெஞ்சு அடைத்தால், தூக்கக் குறைவு, வாயு என்று படுத்துவிடக் கூடாது. 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகள் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4. மீதி எட்டும் கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின்.