மீநாயகத் திரைப்படத் தொடர்ச்சிகளில் இயக்குநர் மாற்றம்

மீநாயகன் (சூப்பர் ஹீரோ) படமொன்று வெற்றி பெற்ற பின், அதன் அடுத்த பாகத்தை வேறோர் இயக்குநரிடம் ஒப்படைப்பது ஹாலிவுட்டில் பல முறை நடந்துள்ளது. சூப்பர்மேன், பேட்மேன், எக்ஸ்-மென், தோர் ஆகிய நான்கு தொடர்களிலும் இது நிகழ்ந்தது. நடிகர்களும் பாத்திரங்களும் பெரும்பாலும் அப்படியே தொடர, படத்தை இயக்குபவர் மட்டும் மாறுகிறார். புதியவர் யார் என்பதைப் பற்றியே இரசிகர்கள் அதிகம் பேசுவது வழக்கம். ஆனால் அவர் எந்தக் கட்டத்தில் வந்து சேர்கிறார், அதற்கு முன்பே எவையெல்லாம் முடிவாகிவிட்டிருந்தன என்பவையே படத்தின் போக்கை அதிகம் தீர்மானித்துள்ளன. தொடக்கத்திலேயே வந்தவர்கள் முற்றிலும் வேறான படத்தை எடுத்தார்கள். அது சில முறை நன்றாக அமைந்தது, சில முறை சறுக்கியது. பாதியில் வந்தவர்களால் ஒட்டுப்போட்ட படத்தையே தர முடிந்தது.

முடிவெடுப்பவர்கள்

மீநாயகப் பாத்திரங்களின் உரிமை இயக்குநரிடம் இருப்பதில்லை. அது சித்திரக்கதை நிறுவனத்திடமோ, அதனிடமிருந்து திரைப்பட உரிமையைப் பெற்ற தயாரிப்பாளரிடமோ இருக்கும். முதன்மை நடிகர்களைப் பல படங்களுக்குச் சேர்த்து ஒப்பந்தம் செய்துகொள்வது பரவலான வழக்கம். கேப்டன் அமெரிக்காவாக நடித்த கிறிஸ் எவன்ஸ் தொடக்கத்திலேயே 6 படங்களுக்கு ஒப்பந்தமானார். இயக்குநர்களோ பெரும்பாலும் படத்துக்குப் படம் தனித்தனியாகவே ஒப்பந்தமாகிறார்கள். எனவே நாயகனை மாற்றுவதைவிட இயக்குநரை மாற்றுவது தயாரிப்பாளருக்கு எளிது.

புதியவரைத் தேர்ந்தெடுக்க, நிறுவனம் சிலரை அழைத்துப் பேசும். வருபவர் தம் மனத்தில் இருக்கும் படத்தை ஓவியங்கள், பிற படங்களிலிருந்து எடுத்த காட்சித் துணுக்குகள் ஆகியவற்றைக் கொண்டு விளக்குவார். பெரிய படங்களை எடுத்த முன்னனுபவம் கட்டாயமில்லை. 'அரெஸ்டட் டெவலப்மென்ட்', 'கம்யூனிட்டி' போன்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களால் அறியப்பட்டிருந்த அந்தோணி ரூசோ, ஜோ ரூசோ சகோதரர்களிடம் மார்வெல் நிறுவனம் 'கேப்டன் அமெரிக்கா: த விண்டர் சோல்ஜர்' (2014) படத்தைக் கொடுத்தது. ஜோ ஜான்ஸ்டன் இயக்கிய முதல் பாகம் இரண்டாம் உலகப் போர்க்காலச் சாகசக் கதை. ரூசோ சகோதரர்களின் படம் அரசியல் சதிக்கதையாக மாறியது. உலக அளவில் ஏறத்தாழ 71 கோடி டாலர் வசூலித்தது.

இயக்குநரை நீக்குவதில் தயாரிப்பாளருக்கு முழுச் சுதந்திரம் உண்டு என்றும் சொல்லிவிட முடியாது. 1975 இல் 'தி அவுட்லா ஜோசி வேல்ஸ்' படத்தின் இயக்குநர் பிலிப் காஃப்மன் நீக்கப்பட்டு, அதன் நாயகன் கிளின்ட் ஈஸ்ட்வுட்டே இயக்குநர் ஆனார். இதையடுத்து, அதே படத்தில் ஏற்கெனவே பணியாற்றும் ஒருவர் நீக்கப்பட்ட இயக்குநரின் இடத்துக்கு வரக்கூடாது என்று அமெரிக்க இயக்குநர் சங்கம் விதி செய்தது. இன்றும் இது ஈஸ்ட்வுட் விதி என்றே அழைக்கப்படுகிறது. ஒரு படத்துக்கு ஓர் இயக்குநரின் பெயர் மட்டுமே இடம்பெற வேண்டும் என்பதும் சங்கத்தின் பொது விதி. ரூசோ சகோதரர்களைப் போன்ற நிலையான இணைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

சூப்பர்மேன் 2

இயக்குநர் மாற்றத்தின் எல்லாச் சிக்கல்களும் ஒரே இடத்தில் திரண்ட படம் 'சூப்பர்மேன் 2'. அலெக்சாண்டர் சால்கைண்டும் அவர் மகன் இலியா சால்கைண்டும் 1974 இல் சூப்பர்மேனின் திரைப்பட உரிமையைப் பெற்றனர். அதற்குமுன் அவர்கள் தயாரித்த 'த்ரீ மஸ்கிடியர்ஸ்' (1973), ஒரே படம் என்று எடுக்கப்பட்டுப் பின்னர் இரண்டாக வெட்டி வெளியிடப்பட்டது. ஒரு படத்துக்கு மட்டும் ஊதியம் பெற்ற நடிகர்கள் வழக்குத் தொடுத்தனர். அதன்பின் அமெரிக்க நடிகர் ஒப்பந்தங்களில், எத்தனை படங்களுக்கு நடிக்கிறார் என்பதை முன்கூட்டியே குறிப்பிடும் பிரிவு சேர்ந்தது. அதற்கு சால்கைண்ட் பிரிவு என்றே பெயர். சூப்பர்மேனில் தந்தையும் மகனும் இரண்டு படங்களை ஒரே நேரத்தில் எடுக்கப்போவதாக முதலிலேயே அறிவித்துவிட்டனர்.

முதலில் ஒப்பந்தமான இயக்குநர் 'கோல்ட்ஃபிங்கர்' எடுத்த கை ஹாமில்டன். ரோமில் நடக்கவிருந்த படப்பிடிப்பு இங்கிலாந்துக்கு மாறியது. வரிச் சிக்கல் காரணமாக ஹாமில்டனால் இங்கிலாந்தில் நீண்ட நாள் தங்க முடியவில்லை. அவரிடத்தில் 'தி ஓமென்' (1976) மூலம் புகழ்பெற்றிருந்த ரிச்சர்ட் டோனர் வந்தார். மாரியோ பூசோவின் திரைக்கதையில் கேலி மிகுந்திருந்ததாகக் கருதிய டோனர், தம் நண்பர் டாம் மான்கீவிச்சை அழைத்து அதைத் திருத்தி எழுதச் செய்தார். 1977 மார்ச்சில் படப்பிடிப்பு தொடங்கியது.

செலவும் கால அளவும் கூடக்கூட டோனருக்கும் தயாரிப்பாளர்களுக்கும் இடையே பேச்சே நின்றுபோகும் நிலை வந்தது. இருதரப்புக்கும் நடுவே தூது செல்ல, 'மஸ்கிடியர்ஸ்' படங்களின் இயக்குநர் ரிச்சர்ட் லெஸ்டர் அழைக்கப்பட்டார். அப்படங்களுக்காக சால்கைண்டுகள் அவருக்குத் தரவேண்டிய பணம் பாக்கி இருந்ததும் அவர் வந்ததற்கு ஒரு காரணம் என்று கூறப்படுகிறது. முதல் படத்தைக் குறித்த காலத்தில் முடிப்பதற்காக இரண்டாம் படத்தின் பணி இடையில் நிறுத்தப்பட்டது. அதற்குள் இரண்டாம் படத்தின் முக்கால் பங்கு வரை எடுக்கப்பட்டுவிட்டது என்பது பொதுவான கணக்கு.

அவசரத்தில் வேறொன்றும் நடந்தது. சூப்பர்மேன் பூமியைச் சுற்றிப் பறந்து காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் காட்சி முதலில் இரண்டாம் படத்தின் முடிவாக எழுதப்பட்டது. முதல் படத்துக்கு வலுவான முடிவு வேண்டும் என்பதால் அது முன்னதற்கு மாற்றப்பட்டது. அடுத்த படத்தின் உச்சக்காட்சியை முதல் படமே செலவழித்துவிட்டதால், இரண்டாவதற்கு யார் இயக்குநராக இருந்திருந்தாலும் புதிய முடிவு தேடவேண்டியிருந்திருக்கும்.

1978 டிசம்பரில் வெளியான 'சூப்பர்மேன்' அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 13 கோடி டாலர் வசூலித்தது. இத்தனை பெரிய வெற்றிக்குப் பின்னும் 1979 மார்ச்சில் டோனர் நீக்கப்பட்டார். செய்தி அவருக்குத் தந்தி வழியே வந்தது. லெஸ்டர் இயக்குநர் ஆனார்.

டோனர் போனதோடு அவரைச் சேர்ந்தவர்களும் போனார்கள். மான்கீவிச் திரும்பி வர மறுத்தார். லெக்ஸ் லூதராக நடித்த ஜீன் ஹேக்மனும் மறுத்தார். படத்தில் நாம் பார்க்கும் ஹேக்மன் முழுவதும் டோனர் எடுத்தவர், இடைவெளிகளை வேறொருவரின் உருவமும் குரலும் நிரப்பின. ஒளிப்பதிவாளர் ஜெஃப்ரி அன்ஸ்வொர்த் 1978 இல் இறந்திருந்தார். ஜான் வில்லியம்சுக்குப் பதில் கென் தார்ன், வில்லியம்சின் மெட்டுகளைக் கொண்டே இசையமைத்தார். முதல் படத்தின் வருமானப் பங்கு குறித்து மார்லன் பிராண்டோ வழக்குத் தொடுத்ததால், சூப்பர்மேனின் தந்தையாக அவர் நடித்து முடித்திருந்த காட்சிகள் இரண்டாம் படத்தில் பயன்படுத்தப்படவில்லை. மகனிடம் தந்தை பேச வேண்டிய வசனங்களைத் தாயாக நடித்த சுசானா யார்க் பேசினார். தந்தைக்கும் மகனுக்குமான கதையாகத் தொடங்கிய இரு படங்களில் இது சிறிய இழப்பன்று.

இயக்குநர் என்று தம் பெயரைப் போட்டுக்கொள்ள லெஸ்டர் படத்தின் பெரும்பகுதியைத் தாமே எடுத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே டோனர் எடுத்து முடித்திருந்த காட்சிகள் சிலவும் மாற்றி எடுக்கப்பட்டன. டோனரின் கதையில், முதல் படத்தில் சூப்பர்மேன் விண்வெளிக்குத் தள்ளிய ஏவுகணை வெடித்து மூன்று குற்றவாளிகள் விடுதலையாகிறார்கள். நாயகன் செய்த நன்மையிலிருந்தே தீமை பிறக்கிறது. லெஸ்டர் அதற்குப் பதிலாக ஈபெல் கோபுரத்தில் வெடிகுண்டு வைக்கும் புதிய தொடக்கத்தைச் சேர்த்தார். கிளார்க் கென்ட்தான் சூப்பர்மேன் என்று சோதிக்க லோயிஸ் லேன் டோனரிடம் அலுவலகச் சன்னலிலிருந்து குதிக்கிறாள். லெஸ்டரிடம் நயாகராவில் குதிக்கிறாள்.

பீட்டில்ஸ் குழுவை வைத்து 'எ ஹார்ட் டேஸ் நைட்' (1964) எடுத்த லெஸ்டருக்கு நகைச்சுவை கைவந்த கலை. நகரச் சண்டையில் வில்லன்கள் ஊதும் காற்றில் ஐஸ்கிரீம் முகத்தில் அப்பிக்கொள்வதும், தொலைபேசிக் கூண்டு கவிழ்ந்த பின்னும் உள்ளே இருப்பவர் பேச்சை நிறுத்தாததும் அவர் முத்திரைகள். ஊர் அழியும் நேரத்தில் இவை சிரிப்பை வரவழைத்தாலும் அச்சத்தைக் குறைத்துவிடுகின்றன. மற்றபடி படம் மோசமானதன்று. 1980 டிசம்பரில் ஆஸ்திரேலியாவிலும், 1981 ஜூனில் அமெரிக்காவிலும் வெளியாகி, அமெரிக்காவில் ஏறத்தாழ 10.8 கோடி டாலர் ஈட்டியது. உற்றுப் பார்ப்பவர்களுக்கு ஒட்டு தெரியும். அடுத்தடுத்த காட்சிகளிலேயே லோயிசாக நடித்த மார்கட் கிட்டரின் தலைமுடியும் முகமெலிவும், கிறிஸ்டோபர் ரீவின் உடற்கட்டும் மாறி மாறித் தோன்றுகின்றன.

லெஸ்டர் தொடக்கத்திலிருந்தே பொறுப்பேற்ற 'சூப்பர்மேன் 3' (1983) நகைச்சுவை நடிகர் ரிச்சர்ட் பிரையரை முன்னிறுத்தியது. அதில் ஒட்டு இல்லை, ஆனால் வசூல் அமெரிக்காவில் சுமார் 6 கோடி டாலராகக் குறைந்தது.

டோனரின் காட்சிகளைத் தேடியெடுத்துத் தொகுத்த 'சூப்பர்மேன் 2: ரிச்சர்ட் டோனர் பதிப்பு' 2006 நவம்பரில் குறுந்தகடாக வந்தது. பிராண்டோ மீண்டும் இடம்பெற்றார். எடுக்கப்படாமலே போன ஒரு முக்கியக் காட்சிக்கு, ரீவும் கிட்டரும் படத்துக்குத் தேர்வாகும் முன் நடித்துக் காட்டிய ஒத்திகைப் பதிவே பயன்பட்டது. காலத்தைத் திருப்பும் காட்சியும் முடிவில் திரும்ப வந்தது. இதனால் இரு படங்களையும் வரிசையாகப் பார்ப்பவர் ஒரே முடிவை இரண்டு முறை காண்கிறார்.

எக்ஸ்-மென் 3

முதல் இரு எக்ஸ்-மென் படங்களை எடுத்த பிரையன் சிங்கர், 2004 இல் 'சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தை எடுக்கச் சென்றுவிட்டார். மூன்றாம் படத்துக்கு ஒப்பந்தமான மாத்யூ வான் படப்பிடிப்பு தொடங்கும் முன்பே, 2005 இல் விலகினார். வெளியீட்டு நாளாக 2006 மே மாதம் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தது. அதைத் தள்ளிவைக்க ஃபாக்ஸ் நிறுவனம் விரும்பவில்லை. பிரெட் ராட்னர் கிட்டத்தட்ட ஓராண்டு அவகாசத்துடன் வந்து சேர்ந்தார். சைக்ளோப்சாக நடித்த ஜேம்ஸ் மார்ஸ்டன் சிங்கரின் சூப்பர்மேன் படத்திலும் நடித்தார். எக்ஸ்-மென் படத்தில் அவர் பாத்திரம் தொடக்கத்திலேயே இறந்துவிடுகிறது. படம் உலக அளவில் ஏறத்தாழ 46 கோடி டாலர் ஈட்டியது. முந்தைய பாகத்தைவிட இது அதிகம். இருந்தும் 2014 இல் வந்த 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' படத்தின் கதை, மூன்றாம் படத்தின் நிகழ்வுகளை நடக்காதவையாக ஆக்கிவிட்டது. வசூலை வைத்து மட்டும் இயக்குநர் மாற்றத்தை அளக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பேட்மேன்

டிம் பர்ட்டனின் 'பேட்மேன்' (1989) உலக அளவில் 41 கோடி டாலர் ஈட்டியது. அவரது 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' (1992) 27 கோடிக்கும் குறைவாகவே ஈட்டியது. படம் சிறுவர்களுக்கு இருண்டதாக உள்ளது என்று பெற்றோர் முறையிட்டனர். வார்னர் நிறுவனம் ஜோயல் ஷூமாக்கரைக் கொண்டுவந்தது. பர்ட்டன் தயாரிப்பாளர் என்ற பெயரோடு ஒதுங்கினார், நாயகன் மைக்கேல் கீட்டனும் விலகினார். வண்ணமயமான 'பேட்மேன் ஃபாரெவர்' (1995) வசூலை 33 கோடிக்கு மேல் உயர்த்தியது. அதே பாதையில் இன்னும் தொலைவு போன 'பேட்மேன் அண்ட் ராபின்' (1997) தொடரையே நிறுத்திவிட்டது. பின்னர் கிறிஸ்டோபர் நோலனின் 'பேட்மேன் பிகின்ஸ்' வர 2005 ஆயிற்று.

தோர்

கென்னத் பிரானா 'தோர்' (2011) படத்துடன் விலகிக்கொண்டார். இரண்டாம் படத்துக்கு முதலில் தேர்வானவர் பேட்டி ஜென்கின்ஸ். 2011 டிசம்பரில் அவர் வெளியேறினார். நிறுவனம் எடுக்க நினைத்த கதையைக் கொண்டு தம்மால் நல்ல படம் தர முடியாது என்றும், படம் தோற்றால் பெண் இயக்குநர் என்பதால் பழி தம்மீதே விழும் என்றும் கருதியதாக அவர் பிற்பாடு நேர்காணல்களில் விளக்கினார். பின்னர் அவர் எடுத்த 'ஒண்டர் வுமன்' (2017) 82 கோடி டாலர் வசூலித்ததைப் பார்க்கும்போது, விலகியது சரியான கணிப்பு என்றே தோன்றுகிறது. தோரின் இரண்டாம் படத்தை, 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் பணியாற்றிய ஆலன் டெய்லர் எடுத்தார். 'த டார்க் வேர்ல்ட்' (2013) படத்தொகுப்பின்போது தம் கையை மீறி மாற்றப்பட்டதாக அவரும் வெளிப்படையாகவே கூறினார்.

மூன்றாம் படத்துக்கு மார்வெல் நியூசிலாந்தின் டைக்கா வைட்டிட்டியைத் தேர்ந்தெடுத்தது. அவர் அதுவரை எடுத்தவை குறைந்த செலவிலான நகைச்சுவைப் படங்கள். தேர்வுக்கு வந்தபோது பிற படங்களின் துணுக்குகளைக் கோத்து, லெட் செப்பலின் இசைக்குழுவின் 'இம்மிகிரண்ட் சாங்' பாடலைப் பின்னணியாக வைத்துக் காட்டினார். அதே பாடல் படத்திலும் இடம்பெற்றது. 'தோர்: ராக்னராக்' (2017) நாயகனின் சுத்தியலை உடைத்தது, நீண்ட முடியை வெட்டியது, படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் சொந்தமாகப் பேசிய வசனங்களை நிறையச் சேர்த்துக்கொண்டது. லெஸ்டரின் சிரிப்பு வேறொருவர் கட்டிய கதைக்குள் புகுந்தது. வைட்டிட்டியின் சிரிப்புக்கு ஏற்பக் கதையே அமைந்தது. 'த டார்க் வேர்ல்ட்' 64 கோடி டாலர் ஈட்டிய இடத்தில் 'ராக்னராக்' 85 கோடி டாலர் ஈட்டியது. இதனால் நான்காம் படமான 'தோர்: லவ் அண்ட் தண்டர்' (2022) வைட்டிட்டியிடமே கொடுக்கப்பட்டது. விமர்சகர்களிடமும் வசூலிலும் அது 'ராக்னராக்' அளவை எட்டவில்லை. தோர் தொடரில் இயக்குநர் மாறாமல் வந்த ஒரே தொடர்ச்சி அதுவே.