வாங்கிய வீட்டில் பழுதான கீசர்

பத்திரப்பதிவு முடிந்து, பால் காய்ச்சிக் குடியேறிய மறுநாள் காலையில்தான் பலருக்கும் அது தெரியவருகிறது. முந்தைய உரிமையாளர் குளியலறையில் விட்டுச்சென்ற கீசரின் சிவப்பு விளக்கு எரிகிறது, தண்ணீரோ சூடாகவில்லை. அல்லது சுவிட்சைப் போட்டவுடன் வீடு முழுவதும் மின்சாரம் நின்றுவிடுகிறது. கொல்லைப்புறத்தில் விறகிட்டு எரித்த அந்தக்கால செம்பு பாய்லரில் ஓட்டை விழுந்தால் அடைப்பதற்குப் பாத்திரக்காரர் ஒருவர் போதும். மின்சாரமும் நீரழுத்தமும் ஒரே உறைக்குள் இருக்கும் இன்றைய கருவி அப்படிப்பட்டதன்று. தில்லியின் சனவரி மாதத்திலோ பெங்களூரின் மழைக்காலக் காலையிலோ அது இல்லாமல் சமாளிப்பதும் எளிதன்று.

‘வங்கியின் பொறியாளர் வந்து பார்த்த பிறகுதானே கடன் கொடுத்தீர்கள்?’ என்று இத்தகைய வேளையில் சிலர் கேட்பதுண்டு. நியாயமான ஐயம்தான். ஆனால் மதிப்பீட்டாளர் பார்ப்பது கட்டடத்தின் பரப்பளவு, வயது, அனுமதி பெற்ற வரைபடம், சந்தை மதிப்பு முதலியவற்றை. கடனுக்கு ஈடாக அச்சொத்து போதுமானதா என்பதே அவர் விடை காணவேண்டிய கேள்வி. சட்ட ஆலோசகர் உரிமை ஆவணங்களை ஆராய்கிறார். குளியலறைக் குழாயைத் திறந்து பார்ப்பது இருவர் பணியிலும் அடங்காது. வாங்குபவரும் அதைச் செய்வதில்லை. பிறர் வீட்டுக் குளியலறையில் வெந்நீர் பிடித்துப் பார்க்க நமக்கு ஒரு கூச்சம்!

பழுது தெரிந்தவுடன் செய்யவேண்டியது, மின்பெட்டியில் அந்தக் கருவிக்குரிய எம்.சி.பி.யை அணைத்துவிடுவது. சுவரிலுள்ள சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. குழாயைத் தொடும்போது இலேசாக ‘சுரீர்’ என்று உணர்ந்தால் அன்றே அக்கருவியைக் கைவிட வேண்டும். வெப்பச்சுருளின் உறை அரித்து மின்சாரம் தண்ணீருக்குள் கசிகிறது என்பதும், எர்த் இணைப்பு சரியில்லை என்பதும் அதன் பொருளாக இருக்கலாம். மின்பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தப்பட்டிருந்தால் அது கசிவை உணர்ந்து தானே இணைப்பைத் துண்டிக்கும். பழைய வீடுகள் பலவற்றில் அது இருப்பதில்லை. கீசரைச் சீர்செய்ய வரும் மின்பணியாளரிடம் எர்த் இணைப்பையும் சோதித்து, ஆர்.சி.சி.பி. ஒன்றையும் பொருத்தித் தரச் சொல்வது நல்லது.

ஒவ்வொரு கோளாறும் புதுக் கருவி வாங்கவேண்டிய கோளாறன்று. தண்ணீர் சூடாகாவிட்டால் தெர்மோஸ்டாட்டோ வெப்பச்சுருளோ பழுதாகியிருக்கலாம், இரண்டும் மாற்றத்தக்கவை. சில வேளைகளில் குற்றம் கருவியினுடையதே அன்று. 2 கிலோவாட் கீசர் ஏறத்தாழ 9 ஆம்பியரும், 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியரும் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டியிருந்தால் பிளக் கருகி இணைப்பு அற்றுப்போகும். 16 ஆம்பியர் பிளக்கும் அதற்கேற்ற தடிமனுள்ள கம்பியும் தேவை. சூடாகும்போது உள்ளே படபடவென்று ஓசை எழுமானால் சுருளின்மேல் சுண்ணப்படிவம் கட்டியிருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர் வரும் குடியிருப்புகளில் இது வழக்கம். தொட்டி துருப்பிடிக்காதிருக்க உள்ளே மக்னீசியம் தண்டு ஒன்று இருக்கும். அது தன்னை அரிக்கக் கொடுத்துத் தொட்டியைக் காக்கிறது. அது கரைந்து தீர்ந்தபின் துரு தொட்டியைத் தாக்கத் தொடங்கும். அப்போதே தண்டை மாற்றினால் தொட்டி தப்பலாம். கருவியின் உடலிலிருந்தே நீர் ஒழுகத் தொடங்கிவிட்டால் தொட்டி ஓட்டையாகிவிட்டது. அதைப் பற்றவைத்துத் தருவதாக யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம், மாற்றுவதே வழி.

இங்கே ஒரு தவறான பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சூடாகும் வேளையில் பாதுகாப்பு வால்விலிருந்து நீர் சொட்டுவதைக் கண்டு, அதை அடைத்துவிடுவோர் உண்டு. 15 லிட்டர் நீர் 25 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாகும்போது ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் விரிவடைகிறது. நீர் பின்னோக்கிச் செல்லாதபடி தடுப்பு வால்வு உள்ள இணைப்பில் அந்த விரிவு வெளியேறும் வழி அதுதான். அதை அடைத்தால் தொட்டியினுள் அழுத்தம் பெருகும். கீசர் வெடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சூடேறாத நேரத்திலும் ஓயாமல் ஒழுகினால் மட்டும் வால்வையோ நீரழுத்தத்தையோ சோதிக்கவேண்டும்.

விட்டுச்சென்றது எரிவாயு கீசராக இருந்து, அது காற்றோட்டமற்ற குளியலறைக்குள் மாட்டப்பட்டிருந்தால், பழுது இல்லாவிடினும் அதைப் பயன்படுத்தலாகாது. அதிலிருந்து எழக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. குளித்துக்கொண்டிருப்பவர் உணருமுன்பே நினைவிழந்து விடுவார்.

இனி, செலவு யாருடையது? கட்டுநரிடமிருந்து வாங்கிய புதிய வீடு எனில் 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம் துணைநிற்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைப்பாட்டிலோ தரத்திலோ உள்ள குறையைத் தெரிவித்தால், 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்வது கட்டுநரின் கடமை என்கிறது அதன் 14ஆம் பிரிவு. குளியலறைக் கம்பியிணைப்பு, எர்த், குழாய்கள் ஆகியவற்றின் குறைகளை இதன்கீழ் எழுப்பலாம். கீசர் கருவியைப் பொறுத்தவரை தயாரிப்பாளரின் உத்தரவாதத்தையே கட்டுநர்கள் பெரும்பாலும் காட்டுவார்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்துக்கொள்ள வேண்டும். ஒதுக்கீடு பெற்றவரிடமிருந்து பின்னர் வாங்கியவரையும் இச்சட்டத்தின் விளக்கம் உள்ளடக்குகிறது. ஆகவே, மூன்றாண்டுப் பழைய அடுக்ககத்தை மறுவிற்பனையில் வாங்கியவரும் கேட்டுப் பார்க்கலாம். எழுத்து மூலம் கேட்டு, ஒப்புகை பெற்றுக்கொள்வது முக்கியம்.

பழைய வீட்டைத் தனிநபரிடமிருந்து வாங்கியிருந்தால் நிலைமை வேறு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி, விற்பவர் தமக்குத் தெரிந்த முக்கியக் குறைகளை மறைக்கக்கூடாது. ஆனால் அது வாங்குபவர் சாதாரணக் கவனத்துடன் பார்த்தாலும் கண்டறிய இயலாத குறைகளுக்கே பொருந்தும். சுவிட்சைப் போட்டுப் பார்த்தால் தெரியும் குறையை அந்த வகையில் சேர்ப்பது கடினம். வீட்டு வணிகத்தைத் தொழிலாகக் கொள்ளாத தனிநபர்மீது நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லவும் பொதுவாக வழியில்லை. சில ஆயிரம் ரூபாய்க் கருவிக்காக வழக்காடுவது வழக்கறிஞர் கட்டணத்துக்கே போதாது. அதைவிட, விற்றவரைத் தொலைபேசியில் அழைத்து ரசீதையும் உத்தரவாத அட்டையையும் கேட்டுப் பெறுவது பயனுள்ளது. வெப்பச்சுருளைவிடத் தொட்டிக்கு நீண்டகால உத்தரவாதம் தருவது தயாரிப்பாளர்களின் வழக்கம். ரசீது கிடைக்காவிட்டாலும் கருவியின் தகட்டிலுள்ள வரிசை எண்ணைச் சேவை மையத்திடம் தெரிவித்து விசாரிக்கலாம். உத்தரவாதம் இருந்தும் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். ஆணையத்தை அணுகக் காலவரம்பு 2 ஆண்டுகள்.

வீட்டுக் காப்பீடு இதற்கு உதவுமா என்றும் கேட்கப்படுகிறது. 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கிவரும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில், நீர்த்தொட்டி, நீர்க்கருவி, குழாய் ஆகியவை வெடித்தோ நிரம்பி வழிந்தோ காப்பீடு செய்யப்பட்ட வீட்டுக்கு நேரும் சேதம் அடங்கும். தேய்ந்துபோன கீசரை மாற்றும் செலவு அதில் அடங்காது.

புதிதாக வாங்க நேர்ந்தால் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் நட்சத்திரக் குறியீடும் பார்த்து வாங்குங்கள். உயரமான அடுக்ககமாக இருந்தாலோ அழுத்த பம்பு இருந்தாலோ 8 பார் அழுத்தம் தாங்கும் வகையே பொருத்தமானது. முத்திரைத்தாள், பதிவுக்கட்டணம் என்று சேமிப்பு கரைந்திருக்கும் மாதம் அது. கடன் அட்டையில் வாங்கிக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவருவது, கருவியின் விலையைவிட வட்டியில் அதிகம் வலிக்கும்.

இன்னும் பதிவுக்குச் செல்லாதவர்களுக்கு ஒரு சொல். விற்பனை உடன்படிக்கையில் வீட்டோடு விடப்படும் பொருள்களின் பட்டியலை இணைத்து, ‘இயங்கும் நிலையில்’ என்று எழுதச் சொல்லுங்கள். பதிவுக்கு முந்தைய நாள் வீட்டுக்குச் சென்று ஒவ்வொரு கீசரையும் போட்டு, அரைமணி நேரம் காத்திருந்து, வெந்நீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். 2 கிலோவாட் திறனுள்ள 15 லிட்டர் கருவி நல்ல நிலையில் இருந்தால் இருபது நிமிடத்திலேயே கொதிக்கக் கொதிக்க வரும். வராவிட்டால், இறுதித் தவணையில் அதற்குரிய தொகையைக் கழித்துக்கொள்ளுமாறு பேச அந்த ஒரு நாள் உங்கள் கையில் இருக்கிறது.