சரஸ்வதி ஸ்டோர்ஸ்

சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்பது காரைக்குடியைச் சேர்ந்த ஏ. வி. மெய்யப்பன் (1907–1979), 1930களின் தொடக்கத்தில் கூட்டாளிகளுடன் சேர்ந்து சென்னையில் நிறுவிய இசைத்தட்டு வணிக நிறுவனம் ஆகும். ஓடியன் என்ற செருமானிய முத்திரையில் தமிழ் இசைத்தட்டுகளைத் தென்னிந்தியாவில் விற்றது. ஏவிஎம் பட நிறுவனம் உருவாக இதுவே அடித்தளமாக அமைந்தது.

பின்னணி

மெய்யப்பனின் தந்தை ஆவிச்சி செட்டியார் காரைக்குடியில் ஏ. வி. அண்டு சன்ஸ் என்ற கடையை நடத்தினார். அங்கு பிற பொருட்களுடன் கிராமபோன் தட்டுகளும் விற்கப்பட்டன. அக்காலத்தில் மதுரையும் அதைச் சுற்றிய ஊர்களும் நாடகக் குழுக்களுக்குப் பெயர் பெற்றவை. மேடைப் பாடல்களைக் கேட்டவர்கள் அவற்றைத் தட்டிலும் கேட்க விரும்பினர். தட்டுகளை வாங்கி விற்பதோடு நில்லாமல், அவற்றை வெளியிடவும் மெய்யப்பன் சென்னைக்குச் சென்றார். நிமிடத்திற்கு 78 சுற்று சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட ஒலியே அடங்கும். எனவே நாடகங்கள் பல தட்டுகள் கொண்ட தொகுதிகளாக விற்கப்பட்டன.

ஓடியன் முத்திரை

ஓடியன் 1903இல் பெர்லினில் தொடங்கப்பட்டது. 1904இல் இருபக்கத் தட்டுகளை அறிமுகப்படுத்திப் புகழ்பெற்றது. 1911இல் கார்ல் லிண்ட்ஸ்ட்ரோம் நிறுவனம் இதனை வாங்கியது. 1920களின் நடுவில் லிண்ட்ஸ்ட்ரோம் பிரித்தானியக் கொலம்பியாவின் கைக்கு மாறியது. கொலம்பியாவும் எச்.எம்.வி.யின் கிராமபோன் கம்பெனியும் 1931இல் இணைந்து இ.எம்.ஐ. ஆயின. இதனால், கடைகளில் ஓடியனும் எச்.எம்.வி.யும் போட்டி முத்திரைகளாகத் தோன்றினாலும் இரண்டும் ஒரே உரிமையாளருக்குச் சொந்தமாக இருந்தன.

திரைத்துறை

பேசும்படம் வந்தபின் மெய்யப்பன் படத்தயாரிப்பில் இறங்கினார். அல்லி அர்ஜுனா, ரத்னாவளி (இரண்டும் 1935) ஆகியவை தோல்வியடைந்தன. 1945இல் ஏவிஎம் நிறுவப்பட்டது. காரைக்குடியில் உருவான நாம் இருவர் (1947) பெருவெற்றி பெற்றது. அதில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதியார் பாடல்கள் இடம்பெற்றன.

பாரதி பாடல் உரிமை

பாரதியார் 1921இல் காலமானார். அன்றைய சட்டப்படி ஆசிரியர் இறந்து 50 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். அச்சுரிமை ஒருவரிடமும் ஒலிப்பதிவு உரிமை வேறொருவரிடமும் இருக்கலாம். பாரதியின் தம்பி சி. விசுவநாதன் ஒலிப்பதிவு உரிமையை ஜெசிங்லால் மேத்தா என்ற வணிகருக்கு விற்றிருந்தார். அவரிடமிருந்து மெய்யப்பன் அதனை வாங்கினார்.

டி. கே. சண்முகம் சகோதரர்களின் பில்ஹணன் (1948) படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றபோது, மெய்யப்பன் சட்ட நடவடிக்கை எடுத்தார். மக்கள் கவியின் பாடல் ஒரு தனியாரின் உடைமையாக இருக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. எழுத்தாளர்கள் பாரதி விடுதலைக் கழகம் அமைத்து, பாடல்களை நாட்டுடைமையாக்கக் கோரினர். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு இதனை ஏற்றது. மெய்யப்பன் தம் உரிமையைப் பணம் பெறாமலே அரசிடம் ஒப்படைத்தார். 1949இல் அரசு பாரதியின் படைப்புரிமைகளைப் பெற்றது. பின்னர் அவை பொதுமக்களுக்கு உரியனவாக்கப்பட்டன.

பிற்காலம்

இ.எம்.ஐ.யின் இந்திய நிறுவனமான கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா 1985இல் ஆர்.பி.ஜி. குழுமத்திடம் வந்தது. 2000இல் சரிகம எனப் பெயர் மாறியது. முத்திரைகள் கைமாறும்போது அவற்றின் பழைய ஒலிப்பதிவுகளும் உடன் கைமாறுவது இத்தொழிலின் இயல்பு. பாரதியின் பாடல்கள் மட்டும் அவ்வாறு கைமாறாமல் எவரும் பாடக்கூடியவையாக நிலைத்தன.