விமானிக்கு வரும் வானிலை உங்கள் திரையிலும்!

ஜூன் மாதம் விடுமுறையில் ஆழ்வார்குறிச்சி போயிருந்தேன். அப்பா புதிதாக வாங்கிய கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் இணைப்பு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அன்று மாலை ஆறரை மணிக்கு மஸ்கட்டிலிருந்து அத்தான் திருவனந்தபுரத்தில் வந்து இறங்க வேண்டும். எட்டு மாதக் கர்ப்பிணியான அக்கா, மலைப்பாதையில் தானும் காரில் வருவேன் என்று பிடிவாதம். எங்கள் ஊரில் சாரல்தான். மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிக்கொண்டிருந்தது. "ஏலே, இந்த மழையில பிளேன் இறங்குமா?" என்று அம்மா கேட்டார்.

பிரவுசரைத் திறந்து அட்ரஸ் பாரில் ஏவியேஷன்வெதர் டாட் கவ் என்று டைப் செய்தேன். அமெரிக்க அரசின் விமான வானிலைத் தளம் இது, கட்டணம் கிடையாது. மெட்டார் என்ற பகுதியில் விமான நிலையத்தின் நான்கெழுத்துக் குறியீட்டைக் கொடுக்க வேண்டும். திருவனந்தபுரத்துக்கு விஓடிவி. சென்னைக்கு விஓஎம்எம், தூத்துக்குடிக்கு விஓடிகே.

உடனே ஒரு வரி தோன்றியது: விஓடிவி 120730இசட் 29014கேடி 1500 ஆர்ஏ... பயப்பட வேண்டாம். 12 என்பது தேதி. 0730 என்பது கிரீன்விச் நேரம். ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம், மதியம் 1 மணி. காற்று 290 டிகிரி திசையிலிருந்து 14 நாட் வேகத்தில் வீசுகிறது. 1500 மீட்டர் வரைதான் கண்ணுக்குத் தெரியும். ஆர்ஏ என்றால் மழை. கடைசியில் க்யூ1005 என்று வருவது காற்றழுத்தம். இதை வைத்துத்தான் விமானி தன் உயரமானியைச் சரிசெய்கிறார். ஒரு ஹெக்டோபாஸ்கல் தவறினால் உயரம் சுமார் 27 அடி தவறிவிடும்!

மஸ்கட்டில் இருக்கும் விமானியும் இதே வரியைத்தான் படிக்கிறார். 1944 சிகாகோ உடன்படிக்கையின் மூன்றாம் இணைப்புதான் இதற்கான உலக விதி. நம் நாட்டில் இந்தப் பொறுப்பு இந்திய வானிலைத் துறையுடையது. உயரே வீசும் காற்றை லண்டன், வாஷிங்டன் மையங்கள் உலகம் முழுவதற்கும் கணித்துத் தருகின்றன. வானில் ஆபத்து என்றால் சிக்மெட் என்ற எச்சரிக்கை வரும். திருவனந்தபுரம் வான்பரப்புக்கு அதைச் சென்னை அலுவலகம் வெளியிடுகிறது. அந்தச் சென்னை விமான நிலையமே 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் ஓடுபாதை வெள்ளத்தில் மூழ்கி மூடிக் கிடந்தது வேறு கதை.

டெலிபிரிண்டர் காலத்துச் சுருக்கெழுத்து இன்னும் ஓடுவது சாஃப்ட்வேர்காரனான எனக்கு ஆச்சரியம்தான். இப்போது எக்ஸ்எம்எல் வடிவிலும் அனுப்புகிறார்கள். ஆனால் படிக்க எனக்குப் பழையதே சுலபம்.

மெட்டார் சொல்வது இப்போதைய நிலை. எங்களுக்குத் தேவை மாலை நிலவரம். அதற்கு டாஃப் என்ற முன்னறிவிப்பைப் பாருங்கள். அதில் டெம்போ 1212/1216 0800 +ஆர்ஏ என்று இருந்தது. மாலை ஐந்தரை முதல் இரவு ஒன்பதரைக்குள் அவ்வப்போது பலத்த மழை, பார்வைத்தூரம் 800 மீட்டர். இறங்குவதா, காத்திருப்பதா, வேறு ஊருக்குப் போவதா என்பது விமானியின் முடிவு. அதை இந்த வரி சொல்லாது. விமான நிறுவனத்துக்கும் போன் செய்துவிடுங்கள்.

அக்கா அந்த வரியை இரண்டு முறை படித்தாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டாள். அப்பாவும் நானும் மட்டும் செங்கோட்டை வழியாகக் கிளம்பினோம். விமானம் அரை மணி நேரம் வட்டமடித்துவிட்டுக் கொச்சிக்குப் போய்விட்டது. நள்ளிரவு தாண்டித்தான் அத்தான் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தார். நாங்கள் வீடு திரும்பியபோது விடிந்திருந்தது. அக்கா கம்ப்யூட்டர் முன்னால் விஓடிவி என்று டைப் செய்துகொண்டிருந்தாள்.