நீங்க யாரு? உங்களுக்கு என்ன அனுமதி? – கணனி கேட்கும் கேள்விகள்



"கொம்பியூட்டர் விசயம் நமக்கெதுக்கு? அது ஆபீஸ்காரங்க வேலை" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. ஆனால் நம்முடைய ஈ.பி.எப். கணக்கு, பேங்க் கணக்கு, அஸ்வெசும கொடுப்பனவு எல்லாமே இன்று கணனிக்குள்தான் இருக்கின்றன. அந்தக் கதவைத் திறக்கும் சாவி நம் கையில் இருக்கிறது. சாவியைப் பத்திரமாக வைக்கத் தெரியாவிட்டால், இருபது முப்பது வருஷம் மலையேறி உழைத்தது ஒரே நாளில் போய்விடும். அப்படிப் போகவிருந்த ஒரு கதையை முதலில் சொல்கிறேன்.

குறிகட்டுவானில் நடந்தது

சில வருஷங்களுக்கு முன் ஆனித் திருவிழாவுக்கு எங்கள் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் போனோம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து சேர்ந்தோம். அங்கிருந்துதான் படகு. சரியான சனம். வரிசையில் நின்றபோது எங்களோடு வந்த ஒரு அக்கா, "ஐயோ, என் பேர்ஸைக் காணோமே!" என்று கத்தினார்.

பேர்ஸில் காசு அதிகமில்லை. ஆனால் ஐடென்டி காட்டும் ஏ.டி.எம். காட்டும் ஒன்றாக இருந்தன. வேலையிலிருந்து நின்று, அந்த வருஷம்தான் ஈ.பி.எப். காசு எடுத்து பேங்கில் போட்டிருந்தார். மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தது.

"அக்கா, பின் நம்பரை எங்கயாவது எழுதி வச்சிருந்தீங்களா?" என்று ஒரு தம்பி கேட்டான்.

"எழுதவே இல்லப்பா. பொறந்த வருஷத்தத்தான் போட்டிருக்கேன். அது யாருக்குத் தெரியும்?"

தம்பி தலையில் கை வைத்தான். "ஐடென்டி காட்டுலயே இருக்கே அக்கா!"

பக்கத்தில் நின்ற நயினாதீவுப் பெரியவர் ஒருவர் சொன்னார்: "பிள்ளை, அழாதேங்கோ. முதல்ல பேங்குக்குப் போன் அடியுங்கோ. அம்மாளைப் பிறகு கும்பிடலாம்."

போன் எடுத்தோம். அங்கே இன்னொரு சங்கடம். காட்டை நிறுத்த வேண்டுமென்றால், பேசுவது சொந்தக்காரர்தான் என்று பேங்குக்குத் தெரிய வேண்டுமே. ஐடென்டி நம்பரைக் கேட்டார்கள். அக்காவுக்கு மனப்பாடம் இல்லை. காட் பேர்ஸோடு போய்விட்டது. நல்ல வேளையாக, பயணத்துக்குப் பேர் எழுதிய லிஸ்டில் எல்லோருடைய நம்பரும் இருந்தது. அதைப் பார்த்துச் சொன்னோம். பிறந்த திகதி, விலாசம் எல்லாம் கேட்டு, காட்டை நிறுத்தினார்கள். பேர்ஸ் கடைசி வரை கிடைக்கவில்லை. காசு தப்பியது. அடுத்த படகில் ஏறினோம். அக்கா தீவு வரும்வரை வாயே திறக்கவில்லை.

ஐடென்டி நம்பர் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டப்படி, 1972 முதல் தேசிய அடையாள அட்டை கொடுக்கிறார்கள். பழைய காட்டில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். அந்த இலக்கங்கள் சும்மா போட்டவை அல்ல.

முதல் இரண்டும் பிறந்த வருஷம். அடுத்த மூன்றும் அந்த வருஷத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டிப் போடுவார்கள். அடுத்து வருவது வரிசை எண். கடைசி இலக்கம், நம்பரைப் பிழையாக எழுதிவிட்டால் கண்டுபிடிப்பதற்கான சோதனை இலக்கம்.

ஒரு உதாரணம்: 1968 மார்ச் 1ஆம் திகதி பிறந்தவர் என்று வைப்போம். ஜனவரி 31, பெப்ரவரி 29, மார்ச் 1; கூட்டினால் 61. ஆணாக இருந்தால் நம்பர் 68061 என்று தொடங்கும். பெண்ணாக இருந்தால் 68561. 2016 முதல் வந்த புதிய பன்னிரண்டு இலக்க நம்பரிலும் கணக்கு இதேதான். வருஷம் 1968 என்று முழுதாக இருக்கும்.

ஆகவே ஐடென்டி காட்டைக் கண்டெடுத்தவன் முதல் பார்வையிலேயே உங்கள் பிறந்த வருஷத்தையும் திகதியையும் அறிந்துகொள்கிறான். நாலு இலக்கப் பின் நம்பருக்கு 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் வழி உண்டு. பெரும்பாலும் மூன்று தடவை பிழையாக அடித்தால் காட் நின்றுவிடும். பத்தாயிரத்தில் மூன்று என்பது திருடனுக்கு மிகக் குறைந்த வாய்ப்பு. பிறந்த வருஷத்தைப் போட்டால் அவனுக்கு ஒரே தடவை போதும்!

மூன்று கேள்விகள்

எந்தக் கணனியும் கதவைத் திறக்குமுன் மூன்று விசயம் கேட்கும். முதலாவது, நீங்கள் யார்? இரண்டாவது, அது நீங்கள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி? மூன்றாவது, உங்களுக்கு எதுவரை அனுமதி?

இது நமக்குப் புதிதல்ல. பெரட்டுக்களத்தில் பேர் சொல்கிறீர்கள். அது முதல் கேள்வி. கங்காணி முகத்தைப் பார்த்து, "ஆமா, இவங்கதான்" என்கிறார். அது இரண்டாவது. செக்ரோலில் உங்கள் பேர் எந்த வேலைக்கு விழுகிறதோ அந்த வேலைக்குத்தான் போகலாம். கொழுந்து மலைக்குப் பேர் விழுந்தவர் ஸ்டோருக்குள் போக முடியாது. அது மூன்றாவது.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தீவு மக்களைக் கேட்டால் நன்றாகச் சொல்வார்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு, யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போக ஐடென்டி காட் மட்டும் போதவில்லை. இராணுவத்தின் கிளியரன்ஸும் வேண்டியிருந்தது. ஆள் யார் என்பதைக் காட் சொன்னது. போகலாமா கூடாதா என்பதைக் கிளியரன்ஸ் சொன்னது. மனிதரை மறித்து வைத்தது அந்த முறை. அதைப் பட்டவர்களுக்குத்தான் அதன் வலி தெரியும். ஆனால் காசையும் கணக்கையும் காக்கும்போது இந்த வித்தியாசம் நமக்கு உதவியாக நிற்கிறது. பேங்கில் வேலை செய்கிறவர் என்பதாலேயே ஒருவர் எல்லோருடைய கணக்கிலும் கை வைக்க முடியாது. ஒருவர் எழுத, இன்னொருவர் சரிபார்த்து ஒப்பமிட வேண்டும். குறிகட்டுவானில் நயினாதீவுப் படகும் நெடுந்தீவுப் படகும் ஒரே துறையிலிருந்துதான் புறப்படுகின்றன. அதற்காக ஒன்றில் ஏறியவர் இரண்டு தீவுக்கும் போய்விட முடியுமா?

மூன்று வகைச் சாவி

நீங்கள்தான் என்று காட்ட மூன்று வகை அத்தாட்சி உண்டு. மனதில் வைத்திருப்பது ஒன்று: பின் நம்பர், பாஸ்வேர்ட். கையில் வைத்திருப்பது இன்னொன்று: ஏ.டி.எம். காட், போனுக்கு வரும் ஒரு தடவை நம்பர். உடம்போடு இருப்பது மூன்றாவது: கைரேகை, கண், முகம். ஒரு வகையை மட்டும் நம்பாமல் இரண்டைச் சேர்த்துக் கேட்பதே நல்ல காவல். காட் திருட்டுப் போனாலும் பின் நம்பர் மனதில் இருக்கும் அல்லவா?

பாஸ்வேர்டைப் பற்றி ஒரு முக்கிய விசயம். ஒழுங்கான கணனி உங்கள் பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைப்பதில்லை. கொழுந்தை ஸ்டோரில் போட்டுத் தூளாக்குவது போல, அதை அரைத்து உருமாற்றித்தான் வைக்கும். தூளைத் திரும்பக் கொழுந்தாக்க முடியுமா? முடியாது. அடுத்த முறை நீங்கள் பாஸ்வேர்டை அடிக்கும்போது, அதையும் அப்படியே அரைத்து இரண்டு தூளும் ஒன்றா என்று பார்க்கும். ஆகையால் உங்கள் பாஸ்வேர்டோ பின் நம்பரோ எந்த உத்தியோகத்தருக்கும் தேவையில்லை. "பேங்கிலிருந்து பேசுறோம், போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்க" என்று யாராவது கேட்டால், அவன் திருடன். வேறு யோசனையே வேண்டாம்.

கைரேகைக்கும் ஒரு குறை உண்டு. வருஷக்கணக்காகக் கொழுந்து பறித்த விரலில், கவ்வாத்துக் கத்தி பிடித்த கையில் ரேகை தேய்ந்து போகும். தீவுப் பகுதியில் கயிறும் உப்புத் தண்ணீருமாகக் கிடக்கும் கடற்தொழிலாளருக்கும் இதே கதைதான். இந்தியாவில் 2010 முதல் கொடுத்துவரும் ஆதார் முறையில் கூலி வேலை செய்பவர்களுக்கு இந்தச் சிக்கல் வந்தது. கைரேகை பிடிக்காவிட்டால் கண்ணைப் பார்ப்பது, போனுக்கு நம்பர் அனுப்புவது என்று மாற்று வழி அங்கே உண்டு. நம் நாட்டிலும் இப்படியொரு டிஜிட்டல் அடையாள முறைக்கு இந்திய உதவியுடன் 2022இல் ஒப்பந்தம் செய்யப்பட்டது. எந்தக் கருமபீடத்திலாவது விரலை வைத்துக் கணனி "இல்லை" என்றால், பயந்து திரும்பி வந்துவிடாதீர்கள். அது உங்கள் குற்றமல்ல. "வேறு வழியில பாருங்க ஐயா" என்று கேட்பது உங்கள் உரிமை.

கோட்டை எப்படி விழுந்தது?

ஊர்காவற்றுறை என்ற பேரிலேயே காவல் இருக்கிறது. ஊர், காவல், துறை என்று பிரித்துப் பொருள் சொல்வார்கள். அதற்கும் காரைநகருக்கும் இடையில், கடலுக்கு நடுவே ஒரு கோட்டை நிற்கிறது. போர்த்துக்கேயர் கட்டியது. யாழ்ப்பாணத்துக்குள் வரும் கடல்வழியைக் காக்கத்தான் அதைக் கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் அதை முற்றுகையிட்டார்கள். உள்ளே இருந்தவர்களைப் பணிய வைத்தது குடிதண்ணீர்த் தட்டுப்பாடு. தண்ணீரில்லாமல் சரணடைந்தார்கள்.

கணனித் திருடனும் இப்படித்தான். பேங்கின் பெரிய மதிலை அவன் முட்டிக்கொண்டிருப்பதில்லை. எளிதான இடத்தைத் தேடுகிறான். நம் பயம், நம் ஆசை, நம் அவசரம் – இவைதான் அவனுக்கு வழி. "லொத்தர் விழுந்திருக்கு", "வெளிநாட்டுல இருந்து பார்சல் வந்திருக்கு", "உங்க காட் இன்னும் ஒரு மணித்தியாலத்துல நின்னுடும்" என்பதெல்லாம் அந்த வழியில் வருபவைதான்.

துண்டு மறந்து போச்சா?

நம் பாட்டன் பூட்டன் காலத்தை நினைத்துப் பாருங்கள். இந்தியாவிலிருந்து வந்த ஆளுக்கு நம்பர் அடித்த தகரத்துண்டு கொடுத்த காலம் இருந்தது. பிறகு தோட்டத்தில் "துண்டு" முறை. கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை விடலாம் என்று எழுதிய சீட்டு அது. துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைக்காது. துண்டு யார் கையில் இருந்ததோ அவர் கையில்தான் ஆளும் இருந்தான். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

1948இல் பிரஜாவுரிமை பறிபோனது. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களையே பிரித்தது. 1988, 2003 சட்டங்கள் வரும் வரை நம்மில் எத்தனையோ பேர் நாடற்றவர்களாகவே இருந்தார்கள். ஒரு கடதாசியின் அருமை நமக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும்?

அப்படிப்பட்ட நாமே இன்று சில இடங்களில் கடைக் கடனுக்கும் வட்டிக் கடனுக்கும் ஏ.டி.எம். காட்டை அடகு வைக்கிறோம்; பின் நம்பரையும் சொல்லிக் கொடுக்கிறோம். சம்பளம் விழுந்த நாளில் கடன் கொடுத்தவரே காசை எடுத்துக்கொண்டு மீதியைத் தருகிறார். இது என்ன? நூறு வருஷத்துக்கு முன் ஒழிந்த துண்டு பிளாஸ்டிக்கில் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான்! கடன் வேறு, சாவி வேறு. கடனைக் கட்டுங்கள், சாவியைக் கொடுக்காதீர்கள்.

செய்ய வேண்டியவை

1. ஐடென்டி காட்டையும் ஏ.டி.எம். காட்டையும் ஒரே பேர்ஸில் வைக்காதீர்கள். ஐடென்டி நம்பரை மனப்பாடம் செய்யுங்கள். பிள்ளைகளிடம் சொன்னால் ஒரே நாளில் சொல்லித் தருவார்கள்.

2. பின் நம்பராகப் பிறந்த வருஷம், திகதி, 1234 போன்றவற்றைப் போடாதீர்கள். ஏற்கனவே போட்டிருந்தால் இந்த வாரமே மாற்றுங்கள். ஏ.டி.எம். மெசினிலோ பேங்கிலோ மாற்றலாம்.

3. பேங்கின் போன் நம்பரை வேறொரு இடத்தில் எழுதி வையுங்கள். காட் தொலைந்தால் முதல் வேலை அதை நிறுத்துவது. அடுத்தது பொலிஸில் முறைப்பாடு. அந்தப் பிரதி இருந்தால்தான் புது ஐடென்டி காட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

4. பிறப்புச் சாட்சிப்பத்திரம், ஐடென்டி காட், ஈ.பி.எப்., பேங்க் புத்தகம் நான்கிலும் பேரும் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். மாதா மாதம் உங்கள் சம்பளத்தில் 8 வீதமும், நிர்வாகம் போடும் 12 வீதமும் அந்தப் பேரில்தான் சேர்கிறது. ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் காசு எடுக்கும் நாளில் அலைய வேண்டிவரும். வேலையில் இருக்கும்போதே திருத்துங்கள்.

5. கொமியூனிகேஷன் கடையில் ஈமெயில் திறந்தால் பாஸ்வேர்டை நீங்களே போடுங்கள். ஐடென்டி காட்டின் பிரதியை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.

6. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டம் இருக்கிறது. உடனே பேங்குக்கும் பொலிசுக்கும் சொல்லுங்கள். நேரம் போகப் போகக் காசும் போகும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அன்று எங்களைக் காப்பாற்றிய அந்தப் பேர் லிஸ்ட் இருக்கிறதே, அதில் நாற்பது பேரின் ஐடென்டி நம்பர் இருந்தது. வேறு யார் கையிலாவது கிடைத்திருந்தால் அதுவே ஆபத்து. கோயிலிலிருந்து வந்த மறுநாள் அந்த அக்காதான் அதை வாங்கி அடுப்பில் போட்டார். "இனி என் நம்பர் என் வாயிலேயே இருக்கு" என்று ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லியும் காட்டினார். மகளின் கல்யாணம் அடுத்த தை மாதம் நல்லபடி நடந்தது.

இன்று வேலை முடிந்து லயத்துக்குப் போனதும் உங்கள் பேர்ஸைத் திறந்து பாருங்கள். இரண்டு காட்டும் ஒன்றாக இருக்கிறதா? முதலில் அதைப் பிரித்து வையுங்கள். மீதியை வீட்டில் பேசிக்கொள்ளலாம்.