அம்மோனியாவை அளக்கும் மின்வாய்

எண்ணூரையடுத்த பெரியகுப்பத்தில், 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவையொட்டி, உரத் தொழிற்சாலைக்குரிய கடலடிக் குழாயினின்று அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறலுற்ற மீனவக் குடும்பங்கள் இரவோடிரவாக வீடுகளை விட்டு வெளியேறின. அவ்விடத்துக் கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம் அம்மோனியா இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டறிந்தது. கடலில் விடும் நீருக்கு விதித்துள்ள வரம்போ 5 மில்லிகிராமே.

கண்ணுக்குப் புலனாகாத இப்பொருளை அளக்க உதவும் சாதனங்களுள் மின்வேதியியல் உணர்கருவியும் ஒன்று. நீரிற் காரம் சேர்த்தால், அதிற் கரைந்துள்ள அம்மோனியம் அம்மோனியா வாயுவாக மாறும். கருவியின் நுனியிலுள்ள மெல்லிய சவ்வு நீரைத் தடுத்து வாயுவை மட்டும் உட்புக விடும். உட்புகுந்த வாயு, அங்குள்ள கரைசலின் காரத்தன்மையைக் கூட்டவே, கண்ணாடி மின்வாயின் மின்னழுத்தம் மாறுகிறது. அம்மோனியா பத்து மடங்கானால், 25 பாகை வெப்பத்தில், மாற்றம் சுமார் 59 மில்லிவோல்ட். 5-க்கும் 49-க்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ அவ்வளவே! கைவிளக்கின் பாட்டரி ஒன்று 1500 மில்லிவோல்ட் தருவதை எண்ணினால் இதன் நுண்மை விளங்கும்.

ஆயினும் கருவியைக் கண்மூடி நம்பலாகாது. அளவு தெரிந்த கரைசல்களில் முதலில் தோய்த்துச் சரிபார்த்தல் வேண்டும். எண்ணெய் படிந்தால் சவ்வு கெடும். அதே டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவிய எண்ணூர்க் கழிமுகத்தில் இது சிறு இடரன்று.