நாலு மணிக்குக் காத்திருக்கும் பூ

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் வடசென்னையின் மாத்தூர், மணலிப் பக்கச் சாலையோரம் நிற்கும் டிரெய்லர் லாரிகளைப் பாருங்கள். முகப்பில் கட்டிய செண்டுமல்லி மாலை காய்ந்து பழுப்பேறி ஆடிக்கொண்டிருக்கும். அடுத்த மழையில் அது அழுகி உதிர்ந்துவிடும். அதற்குள் டிரைவர் அண்ணனிடம் கேட்டு ஒரு முழம் வாங்கிவந்து பிள்ளைகள் கையில் கொடுங்கள். பூவைப் பிய்த்தால் உள்ளே ஊசி ஊசியாக விதைகள்: ஒரு முனை கறுப்பு, மறுமுனை வைக்கோல் நிறம். ‘இதுவா விதை?’ என்று கண் விரியும் பாருங்கள், தோட்டம் அங்கேயே தொடங்கிவிட்டது. மாலைப் பூவின் விதை எல்லாமே முளைக்காது. அதனால் தாராளமாகச் சேர்த்து, காகிதத்தில் மடித்து, மழைக்காலம் தீரும்வரை ஈரம் படாமல் வைத்திருக்க வேண்டும்.

விதைக்க நல்ல நேரம் தை பிறந்ததும்தான். ஊட்டி மலர்க் கண்காட்சி மே மாதம் நடக்கிறதே என்று நாமும் சித்திரையில் தொடங்கினால், கத்திரி வெயில் நாற்றைக் கருக்கிவிடும். பொங்கலுக்கு விதைத்தால் செண்டுமல்லி ஒரே வாரத்தில் முளைவிடும். இரண்டு மாதத்தில், பங்குனி பிறக்கும்போது, பூத்து நிற்கும். நம்மூரின் வசந்தம் அதுதான். குண்டுமல்லி கூடை கூடையாக வந்திறங்குவதும் வேப்பமரம் பூவாய்ச் சொரிவதும் அந்த நாட்களில்தான்.

மண் விஷயத்தில் மட்டும் இந்தப் பகுதிக்காரர்கள் கொஞ்சம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் நாடெங்கும் அடையாளம் கண்ட கடும் மாசுத் தொழிற்பகுதிகள் 43. அவற்றில் மணலியும் ஒன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியதை யாரும் மறந்திருக்க முடியாது. பிள்ளைகள் முழங்கை வரை மண்ணை அளைவார்கள், அளையத்தான் வேண்டும். ஆகவே வீட்டுப் பக்கத்து மண்ணைத் தோண்டாமல், செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் தேங்காய் நார்க்கழிவும் வாங்கிக் கலந்து தொட்டியில் வளர்ப்பதே நல்லது. மாத்தூர் எம்.எம்.டி.ஏ. குடியிருப்பு வீடுகளில் படிக்கட்டோரமும் மொட்டை மாடியும் இதற்குப் போதும். ஓட்டை பக்கெட், பழைய சாக்குப் பை எதுவும் ஆகும். கம்பெனியிலிருந்து வரும் ரசாயன கேன் மட்டும், எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து நீர் தேங்கவும் விடாதீர்கள். பூவுக்கு முன்னால் கொசு வந்துவிடும்.

ஆளுக்கொரு தொட்டி, அதில் அவரவர் பெயர். இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். நாம் தினமும் சொல்லும் எல்.கே.ஜி.யில் கடைசி எழுத்தான ‘ஜி’ தோட்டத்தைத்தான் குறிக்கிறது. ஜெர்மனியில் ஃப்ரெடரிக் ஃப்ரோபெல் 1840-ல் தன் பள்ளிக்கு ‘கிண்டர்கார்ட்டன்’, அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயர் வைத்தார். பெயரோடு நிறுத்தாமல், பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பாத்தியும் வகுத்துக் கொடுத்தார். 1939-ல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரியும் செடி பேணுவதைக் கல்வியின் பகுதியாக வைத்தவர். இன்று எத்தனையோ கே.ஜி. வகுப்புகளில் பூ இருப்பது சுவர்ப் படத்தில் மட்டும். அந்தக் குறையைத் தீர்க்க ஒரு பக்கெட் மண் போதும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

தன் தொட்டி என்றால் பிள்ளை தினமும் தோண்டிப் பார்க்கும், ஒரு நாளைக்கு ஐந்து முறை நீர் ஊற்றும். நாலு செடி அழுகும். திட்டாதீர்கள். ‘விரலை உள்ளே விட்டுப் பாரு, ஈரம் இருந்தா தண்ணி வேணாம்’ என்று காட்டிக்கொடுத்தால் அடுத்த செடி பிழைக்கும்.

என்ன பூ வைப்பது? செண்டுமல்லிக்கு அடுத்து என் ஓட்டு காசித்தும்பைக்கு. முற்றிய காயைத் தொட்டதும் தோல் சுருண்டு விதை தெறிக்கும். பிள்ளைகள் நாள் முழுக்க அங்கேயே கிடப்பார்கள். காலிமனைகளில் ஊதாப் பூவோடு தானாக முளைத்துக் கிடக்கும் பட்டாசுக்காய்ச் செடியையும் சேர்க்கலாம். காய்ந்த காயை நீரில் போட்டால் பட்டென்று வெடிக்கும். இதை இளம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இப்போது தாத்தா பாட்டிகள்தான் மிச்சம். நித்தியகல்யாணி எந்த வெயிலையும் தாங்கும், ஆனால் நஞ்சுள்ள செடி. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அதுவும் அரளியும் வேண்டாம்.

பத்துமணிப் பூவை எல்லோரும் சொல்வார்கள். கிள்ளி நட்டாலே வேர்பிடிக்கும், நிறமும் கொள்ளை அழகு. ஆனால் வெயில் ஏறியபின் விரிந்து பிற்பகலில் சுருங்கிவிடும். அது விரிந்திருக்கும் நேரம் முழுக்க பிள்ளை பள்ளிக்கூடத்தில். சனி, ஞாயிறுதான் பார்க்கக் கிடைக்கும்.

அதனால் கூடவே ஒரு தொட்டியில் அந்திமந்தாரை விதையுங்கள். பார்க்க மிளகு போலவே இருக்கும் விதை; வாயில் போட்டால் ஆபத்து என்பதால் பெரியவர்களே எடுத்துவைத்து, இரவு ஊறவிட்டு, மறுநாள் பிள்ளை கையால் ஊன்றச் செய்யலாம். பகலெல்லாம் மூடிக்கொண்டிருக்கும் மொட்டு, வெயில் தாழும் நாலு, நாலரைக்குத்தான் அவிழும். ஸ்கூல் வேன் தெருமுனையில் வந்து நிற்பதும் அதே நேரம்தான். பையை இறக்கிவைக்காமலே தொட்டியிடம் ஓடும் பிள்ளையை, பால் ஆறுகிறது என்று சொல்லி உடனே உள்ளே கூப்பிடாதீர்கள்.